இங்கே கதை வரும்

எங்கள் இரட்டைமேட்டில் அந்தத் தோணி வந்து நின்றது ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை காலை, பால் வண்டி போன பிறகு, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால். ஆறில்லாத ஊருக்குத் தோணி எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்றெல்லாம் அன்றைக்கு எவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்குக் கேட்கத் தோன்றிய ஒரே கேள்வி, லாரி நிற்கவேண்டிய இடத்தை மறித்து, சரியாக என் தார்ப்பாய்க் கடை வாசலில்தானா அதைக் கொண்டுவந்து போடவேண்டும் என்பதுதான். கேட்டவன் நான். தோணிக்குப் பக்கத்தில் துடுப்பை ஊன்றிக்கொண்டு, பச்சைச் சேலையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். நல்ல முகவெட்டு. நான்கு விநாடிக்கு ஒரு தரம் இடது காலிலிருந்து வலது காலுக்கு உடம்பை மாற்றினாள், பிறகு வலதிலிருந்து இடதுக்கு, அதே அளவு, அதே நிதானம்.

"ஏம்மா, வண்டி வர்ற எடம். கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா?" என்றேன்.

"இங்கே கதை வரும்," என்றாள் அவள், வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களின் சுத்தமான தமிழில், சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரக் கட்டையை வைத்தாள்.

மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொல்லி இன்னொரு கட்டையைக் கொடுத்தாள். மூன்றாம் தரமும் வாங்கிக்கொண்டு கையைப் பார்த்தால் கட்டை என்னவோ ஒன்றுதான் இருந்தது, அதன் மூலையில் மட்டும் மூன்று என்று பொடியாக எழுதியிருந்தது. எடையில்லை, வாசனையில்லை, கடித்துப் பார்த்ததில் ருசியும் இல்லை. சரி, காலங்காத்தாலே யாரிடம் மல்லுக்கு நிற்பது என்று கட்டையை மேசை டிராயரில் போட்டுவிட்டு ஷட்டரை முழுசாகத் தூக்கினேன்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கீழ்மேடு, மேல்மேடு என்று இரண்டு மேடும் ஒட்டிக் கிடந்த ஊர் இது. நடுவில் நான்கு வழிச் சாலை வந்து இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. கடைகளும் லாரிப் பட்டறைகளும் கீழ்மேட்டில், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மேல்மேட்டில், நடுவே நூற்றைம்பது அடித் தார். சுரங்கப்பாதை வரும் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வாகனத்தில் போகிறவன் எட்டுக் கிலோமீட்டர் சுற்றவேண்டும். நடக்கிறவன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஓடவேண்டும். அப்படி ஓடி, ஏழு வருடத்தில் பதினொரு பேரைச் சாலைக்குக் கொடுத்திருக்கிறோம்.

என் கடைக்கு மேல்மாடியில் ஓர் அக்காளும் தம்பியும் வாடகைக்கு இருந்தார்கள், கோகிலவாணி, நல்லசிவம் என்று பெயர். மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா சுடுகிற, ஓடுகிற விளையாட்டு இல்லை. விளையாடுகிறவரே அதற்குள் ஒரு பாத்திரமாகிப் போய், ஊர் ஊராக அலைந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, பொருள் சேர்த்து, பலம் கூட்டி, கடைசியில் எங்கோ போய்ச் சேரவேண்டிய பெரிய விளையாட்டு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் சண்டை போடுகிற சத்தத்தில் கீழே தார்ப்பாய் தைக்கிற தையல் மிஷின் சத்தம் கேட்காது.

நல்லசிவத்தின் கட்சி இது. விளையாட்டு என்றால் கை செய்வது. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம், எதைக் கொடுத்தால் எது திறக்கும், அந்த விதிமுறை சுத்தமாக இருந்தால் ஆள் தானாக உள்ளே இறங்கிவிடுவான், கதையெல்லாம் பாட்டில் மேல் ஒட்டுகிற லேபிள். கோகிலவாணியின் கட்சி, ஏன் போகிறோம் என்று தெரியாதவன் கையில் எத்தனை வாளைக் கொடுத்தாலும் அவன் பொத்தானை அமுக்குகிறவன்தான், பயணம் போகிறவன் இல்லை. விதியை ஒரு மாதத்தில் மறந்துவிடுவான், அழுத இடத்தை மறக்கமாட்டான். கடைக்கு வருகிற டிரைவர்கள்கூட, "அண்ணா, இன்னைக்கு யாரு கட்சி ஜெயிச்சுது?" என்று கேட்டுவிட்டுத்தான் தார்ப்பாய்க்கு அளவு சொல்வார்கள்.

அன்று பல் விளக்கிக்கொண்டே படியிறங்கி வந்த நல்லசிவம், தோணியைப் பார்த்து, துடுப்பைப் பார்த்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, வாயில் நுரையோடு கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான். "நம்ம தோணிக்காரி கீழ நிக்கறா!"

"என்றா சொல்றே?" என்று மேலேயிருந்து கேட்டது. "எந்தக் கோலத்துல நிக்கறா?"

"அரைகொறையாத்தான்."

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. அவர்கள் விளையாட்டில் ஓர் ஆறு இருந்தது, ஆற்றங்கரையில் ஒரு தோணிக்காரி இருந்தாள். தோணி எப்படிப் போகும் என்று தம்பி முடிவு செய்தால்தான் அவள் என்ன பேசுவாள் என்று எழுதமுடியும் என்று அக்காளும், அவள் என்ன பேசுவாள் என்று அக்காள் எழுதினால்தான் தோணி எப்படிப் போகும் என்று முடிவு செய்யமுடியும் என்று தம்பியும் பதினான்கு மாதமாக முறுக்கிக்கொண்டு நின்றதில் இரண்டுமே நடக்கவில்லை. வசனம் எழுதாத இடத்தில் மறந்துபோகாமலிருக்க ‘இங்கே கதை வரும்’ என்று ஒரு வரியைப் போட்டு வைப்பார்களாம். என்ன பொருள் என்று தீராத இடத்தில் ஒரு சாம்பல் கட்டையை வைப்பார்களாம், ஓர் இடத்தில் தொண்ணூற்றொன்பது வரை அடுக்கலாமாம். அந்த வரியோடும் அந்தக் கட்டையோடும்தான் பாவம், அவள் வந்து நின்றிருந்தாள்.

ஊர் அவளை இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டது. முதலில் பெண்கள்தான் கவனித்தார்கள்: விளையாட்டில் அவளை யாரும் பின்பக்கமிருந்து பார்க்கப் போவதில்லை என்று அவள் முதுகுக்கு வர்ணமே தீட்டவில்லை, சேலையும் இல்லாமல் ரவிக்கையும் இல்லாமல் வெறும் சாம்பலாகக் கிடந்தது, ஒரு பொம்பளையை இப்படியா நடுரோட்டில் நிறுத்துவார்கள் என்று கோகிலவாணியைத் திட்டிக்கொண்டே ஒரு ஈரிழைத் துண்டைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். வெயிலுக்கு நான் ஒரு தார்ப்பாயைக் கட்டிக் கொடுத்தேன். நெடுஞ்சாலைத்துறையிலிருந்து ஒருவர் வந்து ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார். அவள் அவரிடமும் கதை வரும் என்று சொல்லிக் கட்டையைக் கொடுத்தாள், அவர் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டு போனவர் போனவர்தான். கட்டையால் ஒரு பயனும் இல்லையென்றாலும் ஓசியில் வருவதை விட மனமில்லாமல் வாங்கி, ஆடுகிற பீரோவுக்கு முட்டுக் கொடுத்தார்கள், லாரி டேஷ்போர்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஆனால் அந்த ஒரு வரியை, அது வெறும் இடம் நிரப்பப் போட்டது என்று தெரிந்த பிறகும், ஊர் விடவில்லை. கல்யாணம் தள்ளிப்போனவர்கள், கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர்கள், வெளிநாடு போன பிள்ளையிடமிருந்து போன் வராதவர்கள் எல்லாரும் அவள் முன்னால் வந்து நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். வரும் என்று ஒருத்தி தினமும் சொன்னால், வராது என்று எதிர்த்துப் பேச யாருக்கு மனசு வரும்?

எல்லாரையும்விட அதிகம் வந்து நின்றவர் சம்பூர்ணம்.

சம்பூர்ணம் எனக்கு இரண்டு கடை தள்ளி இட்லிக் கடை வைத்திருந்தார், நாற்பத்தெட்டு வயது, வாய் ஓயாத மனுஷி. அவர் புருஷன் செங்கோடன் கட்டட வேலைக்குப் போகிறவர், நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அந்தச் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனார். அன்றிலிருந்து சம்பூர்ணம் சாலையைத் தாண்டவில்லை. தாண்டமாட்டேன் என்று வீம்பு எதுவும் இல்லை, தார் விளிம்பு வந்ததும் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தச் சாலை ஓரிடத்தில் குறுக்கே வந்துதானே தீரும்? ஒரு தரம் கண்ணைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தோம். சாலைக்கு ஏறுகிற இடத்தில் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டார். ஒரே மகள் சுகந்தியை மேல்மேட்டில் கட்டிக்கொடுத்தபோது கல்யாணத்தைக் கீழ்மேட்டு மண்டபத்திலேயே வைத்துக்கொண்டோம், மாப்பிள்ளை வீட்டுச் சடங்குக்கு அம்மா போகவில்லை, மகள்தான் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

இப்போது சுகந்திக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியவர், ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு அசையவே கூடாது, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வரமுடியாது. அம்மாதான் போகவேண்டும்.

"கதை வருதோ இல்லையோ, தோணி போகுமான்னு கேட்டுச் சொல்லு தம்பி," என்று சம்பூர்ணம் நல்லசிவத்தைப் பிடித்துக்கொண்டார். "நடக்கறதுன்னாத்தான் காலு வரமாட்டேங்குது. தோணில உக்காந்துட்டாப் போதுமல்லோ?"

நல்லசிவத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? "பாத்தியாக்கா, அவங்களுக்கு வசனம் வேண்டாம், தோணி போனாப் போதும்," என்று மேலே ஓடி, பதினான்கு மாதம் எழுதாத விதியை அரை நாளில் எழுதினான். மாடியில் எழுதினால் கீழே நடந்தது, அதிலும் எங்களுக்கு ஆச்சரியமில்லை. பத்துக் கட்டை கொடுத்தால் தோணிக்காரி ஏற்றிக்கொள்வாள். துடுப்பை ஒரு தள்ளுத் தள்ளினால் தார் இளகி வழிவிடும். தோணியில் எதுவும் மோதாது. அப்படியேதான் ஆனது. லாரிகள் தோணிக்குப் பத்தடி முன்னால் தாமாக விலகிப் போயின, "ஸ்டீயரிங் தானாத் திரும்பீருச்சுங்க" என்று டிரைவர்கள் டீக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள், சந்தைக்குப் போகிறவர்கள் போனார்கள், ஏழு வருடமாக ஒருவருக்கொருவர் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த சம்பந்திகள் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

சம்பூர்ணம் முதல் நாளே ஏறினார், புதுச் சேலை, கையில் பருப்புப் பொடி டப்பா. தோணி தார் விளிம்பைத் தொட்டதும் அலறிக்கொண்டு வெளியே குதித்தார். முழங்கை தேய்ந்து ரத்தம். மறுநாளும் ஏறினார், மறுநாளும் குதித்தார். மூன்றாம் நாள் ஏறவே இல்லை, அடுப்படியில் உட்கார்ந்து மாவுக் கையோடு அழுதார்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை நாங்கள் கவனிக்கவில்லை. பத்துக் கட்டைக்குப் பத்துத் தரம் பேசவேண்டும் என்பதால் எல்லாரும் நடந்துகொண்டே பத்துத் தரம் "வணக்கம், வணக்கம்" என்று சொல்லிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார்கள். அவள் சொல்கிற வரியை யாரும் முழுசாகக் கேட்கவில்லை, முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் முதுகுத் துண்டு காற்றில் பறந்துபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்கே கோகிலவாணி சொல்லித்தான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"ஒரு வாரத்துல அவளை வெறும் டிக்கெட் மிஷின் ஆக்கிப்போட்டான் பாருங்ணா," என்று கோகிலவாணி பொருமினாள். பொருமிக்கொண்டே போய் எழுத உட்கார்ந்தாள். இரண்டு நாள் எழுதினாள். மூன்றாம் நாள் காலை தோணிக்காரி வாயைத் திறந்தாள், நாற்பது நிமிடம் மூடவில்லை. எத்தனையோ பேரை அக்கரை சேர்த்தும் தான் ஒரு நாளும் கரையில் கால் வைக்காத கதை, வெள்ளத்தில் தங்கையைத் தேடித் துடுப்புப் போட்ட கதை. பட்டறையில் வெல்டிங் நின்றது, கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுத் தேம்பினார், நான் அழவில்லை, எனக்குக் கண்ணில் தூசி. ஆளுக்கொரு சாக்கை விரித்து உட்கார்ந்து மறுபடி மறுபடி கேட்டோம். கேட்டு முடித்துத் தோணியில் ஏறினால் தோணி அசையவில்லை. விசாரித்ததில், அக்காள் தன் கோப்பைத் தம்பியின் கோப்புக்கு மேலேயே சேமித்துவிட்டாளாம், அவன் எழுதின விதி மொத்தமும் அழிந்துபோய்விட்டதாம். நகல் வைத்திருக்கவேண்டியது யார் பொறுப்பு என்று மேலே பாத்திரம் பறந்தது. அழுத கண்ணோடு ஜனம் பழையபடி சாலையில் இறங்கி ஓடியது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு நூலிழையில் தப்பினார், அவர் செருப்பு ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் கோகிலவாணி இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

"கதை பிடிச்சுதுங்களாக்கா?"

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி," என்றார் சம்பூர்ணம். "மூணு தரம் கேட்டு மூணு தரமும் அழுதேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அவ அவளோடத எறக்கி வெச்சுட்டா. என்னோடது இங்க தொண்டையிலயே முட்டீட்டு நிக்குது. நாலு வருசமா."

"என்னதுங்க்கா அது?"

சம்பூர்ணம் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து, வேகாத இட்லியைப் பார்த்துவிட்டு மூடினார். கோகிலவாணி சாப்பிடாமல் எழுந்து மாடிக்கு ஓடினாள்.

"சிவா, அவ பேசவேண்டாம்டா. தோணில ஏறுறவங்க பேசட்டும்."

"பேசுனா?"

"தோணி போகட்டும்."

"எதைப் பேசுனா எத்தன அடி? அதைச் சொல்லாம நான் எதை எழுதறது?"

"யாருகிட்டயும் சொல்லாததைச் சொன்னா, அது எத்தன கனமோ அத்தன அடி."

"அப்ப அவளுக்கு என்ன வேலை?"

"காது குடுத்துக் கேக்கறது. அவளுக்கு அதுதான்டா வேலை. அதைச் செய்யத் தெரியாமத்தான் நான் நாப்பது நிமிசம் பேச விட்டிருக்கறேன்."

"இது விதியாக்கா, கதையா?" என்று நல்லசிவம் மெல்லக் கேட்டது காதில் விழுந்தது. "எழுதுடா மொதல்ல," என்றாள் அவள். அப்புறம் மறுநாள் மாலை வரை மாடியில் ஒரு சண்டையும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, இரண்டும் அடித்துக்கொண்டு செத்துக் கிடக்கிறதோ என்று ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

யாரிடமும் சொல்லாதது எது என்று ஒரு தோணிக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தோணி எப்படி வந்தது என்றே நாங்கள் கேட்கவில்லை. வெள்ளோட்டத்துக்கு எங்கள் வார்டு கவுன்சிலர் மாலை போட்டுக்கொண்டு ஏறி, தாம் ஊருக்குச் செய்த நன்மைகளை அரைமணி நேரம் சொன்னார். தோணி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. கறிக்கடைக்காரர் ஏறினார், அண்ணனுடைய சேவலைத் திருடிக் குழம்பு வைத்து அந்த அண்ணனுக்கே பரிமாறியதைச் சொல்லி நேராக அக்கரைக்குப் போனார். பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொல்லாதது மடி நிறைய இருந்தது, விறுவிறுவென்று போனார்கள். பெரியவர்கள்தான் முக்கி முனகிப் போனோம். என்னிடமும் கேட்காதீர்கள், நானும் போய்விட்டுத்தான் வந்தேன். இறங்குகிறபோது ஒவ்வொருவரும் தோணிக்காரியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கினார்கள், முதுகுத் துண்டைச் சரிசெய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இதில் வேலை செய்தது விதியா கதையா என்று அக்காளும் தம்பியும் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் விளையாட்டைச் செய்து முடித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சுகந்தி போன் செய்தாள். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரில சேத்தறாங்கம்மா. எனக்குப் பயமா இருக்குது. நீ வந்துரும்மா."

சம்பூர்ணம் போனை வைத்தார், அடுப்பை அணைத்தார், என்னிடம் வந்து, "அண்ணா, கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுத் தோணியில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். கீழ்மேடு மொத்தமும் சாலையோரத்தில் வந்து நின்றது.

என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை, இதெல்லாம் அவரே பிற்பாடு கடையில் எல்லார் காதிலும் விழச் சொன்னதுதான். கண்ணை மூடிக்கொண்டாராம். கல்யாணத்தன்று செங்கோடனைப் பிடிக்காமல் அழுததைச் சொன்னாராம், பிடித்துப்போனது எந்த நாள் என்று சொன்னாராம், அவரிடமே சொல்லாத அந்த நாளை. தோணி அடி அடியாகப் போனது. லாரிகள் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருந்தன. சரியாக நடுவில், அரளிச் செடி நட்டிருக்கிற மேடைக்குப் பக்கத்தில், செங்கோடன் கிடந்த இடத்தில், தோணி நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தவருக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. குதித்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நல்லசிவம் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. சம்பூர்ணம் வேறு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாராம், மாமியாருக்குத் தெரியாமல் சினிமா போனது, மாவில் கலப்படம் செய்த ஒரு மாதம், தோணி அசையவில்லை. தோணிக்காரி துடுப்போடு, இடது காலுக்கும் வலது காலுக்கும் மாறி மாறி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துப் போகாம விழுந்துட்டாருன்னு ஊரே சொல்லுது," என்றார் சம்பூர்ணம் கடைசியில். "அவரு பாத்துத்தான் போனாரு. பாதி ரோடு தாண்டீட்டாரு. சோத்துத் தூக்குப் போசிய விட்டுட்டுப் போறீங்கன்னு கூப்பிட்டது நாந்தான். திரும்பிப் பாத்தாரு. இருக்கட்டும் போங்கன்னு சொல்லியிருக்கலாம். வந்து எடுத்துட்டுப் போங்கன்னு கைய ஆட்டுனேன். அவரு சிரிச்சுட்டே திரும்புனாரு."

தோணிக்காரியின் உடம்பு ஆடாமல் நின்றது. நான்கு விநாடி, எட்டு விநாடி, அதற்கும் மேலே. அப்படி நிற்கச் சொல்லித் தான் எழுதவில்லை என்று நல்லசிவம் சத்தியம் செய்கிறான். பிறகு துடுப்பை ஒரு தள்ளுத் தள்ளினாள். தோணி மீதித் தூரத்தை ஒரே ஓட்டமாக ஓடி மேல்மேட்டு மண்ணில் மோதி நின்றது. எங்கள் பக்கம் ஒருவரும் கைதட்டவில்லை. கோகிலவாணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கரையில் இறங்கி நான்கு எட்டு வைத்த பிறகுதான் சம்பூர்ணத்துக்கு உறைத்தது, மகள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. ஒரு நாளும் போனதில்லையே. வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"ஏனுங்க, சுகந்தி ஊடு எதுங்க?"

"மாசமா இருக்கற புள்ளைங்களா? நீங்க யாருங்க?"

"அவ அம்மாங்க."

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்து வாசல் வரைக்கும் விட்டுவிட்டுப் போனாளாம்.

சுகந்தி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவளை, அசையாதே அசையாதே என்று சம்பூர்ணம் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார். சுகந்தி அம்மாவின் கையை, தோளை, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து சம்பூர்ணம், "கண்ணு, உங்கப்பாவப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்று ஆரம்பித்தார்.

"போசி விசயந்தானேம்மா?" என்றாள் சுகந்தி. "அன்னைக்கு நான் கொடத்தோட உனக்குப் பின்னாலதான் நின்னேன்."

சம்பூர்ணம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது தெரிஞ்சுமா இத்தன நாளு எங்கிட்ட வந்து போயிட்டிருந்தே?"

"வராம? நீயா சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். நீ சொல்லாம நான் எப்புடிம்மா சொல்றது?"

அதற்கப்புறம் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதார்கள் என்று சம்பூர்ணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அழுது முடித்த பிறகு மகளின் தலை சிக்காகிக் கிடப்பதைப் பார்த்து, இதென்ன தலை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இப்படியா போவது என்று திட்டிக்கொண்டே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சீப்பை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாராம்.